கம்பெனித் தீவில் எங்கள் மாடுகள்

நான் பிறந்த காலத்தில் கேரித் தீவில் மண் கம்பெனிக்குச் சொந்தம். மண்ணில் நின்ற மரமும் அப்படியே. நாங்கள் குடியிருந்த லயம், தண்ணீர் பிடித்த குழாயடி, நடந்த செம்மண் சடக்கு, படித்த பள்ளிக் கட்டடம், அம்மா வேலைக்குப் போகும்போது என்னை விட்டுப்போன ஆயாக்கொட்டகை, மாரியம்மன் கோயில் நின்ற இடம் எல்லாமே கம்பெனிக்குத்தான். எங்கள் பேரில் இருந்தது மாடு ஒன்றுதான்.

இந்தத் தீவைப் பற்றி எழுதுகிறவர்கள் ரப்பரை எழுதுகிறார்கள், செம்பனையை எழுதுகிறார்கள், சுங்கை பும்புனில் பூர்வகுடிகளான மா மெரி மக்கள் செதுக்கும் முகமூடிகளை எழுதுகிறார்கள். அவையெல்லாம் எழுத வேண்டியவையே. ஆனால் தோட்டத்துத் தமிழர்கள் மூன்று நான்கு தலைமுறை வளர்த்த மாடுகளைப் பற்றி ஒரு பக்கம்கூட நான் படித்ததில்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்று இப்போது கிள்ளானில் இருக்கிறேன். என்னைப் படிக்கவைத்தது பால் விற்ற காசு. அதை எழுதிவைக்காமல் போனால் அது தவறு.

தீவு தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். கிள்ளான் துறைமுகத்துக்குத் தெற்கே, பந்திங்கிலிருந்து வந்தால் தெலுக் பங்ளிமா காராங்கைத் தாண்டி, லங்காட் ஆற்றின் பாலத்தில் ஏறி இறங்கினால் கேரித் தீவு. முப்பதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பு. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் மலாக்கா நீரிணை, ஓரமெல்லாம் அலையாத்திக் காடு. நடுவில் இருப்பது தட்டையான களிமண் தரை. பெருக்கு ஏறும்போது அந்தத் தரையைவிடக் கடல் உயரமாக நிற்கும். சுற்றிலும் மண்ணால் அணை கட்டியிருப்பதால்தான் தீவு தோட்டமாக இருக்கிறது. அந்த அணையை நாங்கள் பண்டு என்போம். பாலம் வருவதற்கு முன் படகில்தான் கரையேற வேண்டும். நீரோட்டம் சரியில்லை என்றால் பிரசவ வலியானாலும் காத்திருக்க வேண்டியதுதான் என்று பாட்டி சொல்வார். கோலாலம்பூருக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தும் தீவுக்காரர்களுக்கு அந்நகரின் பிரிக்பீல்ட்ஸ் ஒரு வெளியூர்.

இங்கே முதலில் இருந்தவர்கள் மா மெரி மக்கள். ஆற்றுக்கு எதிர்க்கரையில் ஜுக்ரா. சிலாங்கூர் சுல்தான் அப்துல் சமாது அங்கிருந்துதான் ஆண்டார். 1898-இல் அவர் மறைந்து ஜுக்ராக் குன்றில் அடக்கமானார். அதற்குப் பிறகு வந்த சுல்தான் அலாவுதீன் சுலைமான் ஷாவின் காலத்தில், இருபதாம் நூற்றாண்டு பிறந்த கையோடு, எட்வர்ட் வேலண்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரர் இந்தக் காட்டை எடுத்துத் திருத்தத் தொடங்கினார். தீவுக்கு அவர் பேரே நிலைத்துவிட்டது. அவர் இலங்கையில் தோட்டம் பார்த்துவிட்டு வந்தவர். 1869-இல் இலங்கைக் காப்பியில் இலைநோய் விழுந்து, அடுத்த இருபது ஆண்டுகளில் அங்கே காப்பி அழிந்தது. அந்தத் துரைமார்களில் பலர் மலாயாவுக்கு வந்தார்கள். சிலாங்கூரில் காப்பி போட்டார்கள். விலை விழுந்ததும் ரப்பருக்கு மாறினார்கள். இலங்கையில் கற்ற கங்காணி முறையையும் கையோடு கொண்டுவந்தார்கள். ஊருக்கு ஆளனுப்பி, உறவுக்காரர்களையும் பக்கத்து வீட்டாரையும் கூட்டிவரச் செய்யும் முறை அது. ஒரு கங்காணிக்குப் பின்னால் ஒரு தெருவே கப்பலேறியது.

அப்படி வந்தவர்கள் யார் என்று பார்த்தால்தான் மாட்டின் கதை புரியும். வட ஆற்காடு, சேலம், திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயக் கூலிகள். ஊரில் பலருக்கு நிலம் கிடையாது. ஆனால் மாடு தெரியும். அடுத்தவர் மாட்டை மேய்த்து, கன்று ஈனும்போது கூட இருந்து, பல்லைப் பார்த்து வயசு சொல்லத் தெரிந்தவர்கள். கப்பலேறும்போது அவர்கள் பெட்டியில் வேட்டி சேலைக்கு மேல் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது. மாட்டுப் பண்டிதம் கையில் இருந்தது.

மாடுகள் அவர்களுக்கு முன்பே மலாயாவுக்கு வந்துவிட்டன. ரயிலும் லோரியும் எட்டாத இடமெல்லாம் மாட்டுவண்டிதான் ஓடியது. வண்டிமாடுகள் இந்தியாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் இறங்கின. ஈயச் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் சாமான் இழுத்தவை அவை. கறவை மாடுகளும் பின்னோடு வந்தன. பிறகு தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறி, கலந்து, இந்த மண்ணின் வெயிலுக்கும் மழைக்கும் உண்ணிக்கும் பழகி, ஒரு தனி இனமாகவே ஆகிப்போயின. மலேசியக் கால்நடைத் துறைக்காரர்கள் இதை உள்ளூர் இந்தியக் கறவை மாடு என்ற பேரில் எல். ஐ. டி. என்று சுருக்கிச் சொல்வார்கள். திமில் சின்னதாக, அலைதாடி தொங்கி, கால் மெலிந்து இருக்கும். சாம்பல், செவலை, கறுப்பு என்று எல்லா நிறத்திலும் உண்டு. நாளுக்கு இரண்டு மூன்று லிட்டருக்கு மேல் பால் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் தீவனம் வாங்கிப் போட வேண்டாம், டாக்டரைக் கூப்பிட வேண்டாம், கன்று போடவும் ஆள் வேண்டாம். கூலிக்காரன் வளர்க்கக்கூடிய மாடு அது.

அரசும் ஒரு வகையில் இடம் கொடுத்தது. மலாய் ஐக்கிய மாநிலங்களின் தொழிலாளர் சட்டம் 1923-இல் வந்தது. குழந்தைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடமும் பிள்ளைக்கொட்டகையும் வேண்டும் என்றது. 1930-களில் அதைத் திருத்தியபோது, குடும்பமுள்ள ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம், காய்கறி போடவும் கால்நடை மேயவும், ஒதுக்க வேண்டும் என்று எழுதினார்கள். தமிழ்நாட்டுக் கணக்கில் ஆறேகால் சென்ட். ஒரு மாடு மேய அது போதாது. ஆனாலும் தொழிலாளிக்கு மாடு இருக்கலாம், அது மேய இடம் வேண்டும் என்பதைச் சட்டம் வாய்விட்டுச் சொன்னது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் எங்கள் ஆட்கள் கொட்டகை போட்டார்கள்.

அந்தக் காலத்துக் கூலி வாழ்க்கையை நினைத்தால் மாடு ஏன் அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது என்பது விளங்கும். 1920-களின் கடைசியில் சிலாங்கூரில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நாள்கூலியாக நிர்ணயம் ஆனது. உலகப் பெருமந்தம் வந்ததும் ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனது. கூலியைக் குறைத்தார்கள். 1930-க்கும் 1933-க்கும் நடுவில் லட்சத்துக்கு மேற்பட்ட தமிழர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். அனுப்பப்படாமல் நின்றவர்களில் என் தாத்தா ஒருவர். அரைக்கூலி நாட்களில் பிள்ளைகள் பால் குடித்ததும், தோட்டத்துக் கணக்கரான கிராணி வீட்டுக்குப் பால் ஊற்றி அரிசிக் கடனை அடைத்ததும் ஒரே ஒரு மாட்டால் என்று என் பாட்டி கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மாட்டின் பேர் மயிலை. எங்கள் வீட்டில் தாத்தாவின் அப்பா பேர் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. மயிலையின் பேர் எல்லாருக்கும் தெரியும்.

இந்த இடத்தில் கடல் கடந்து ஓர் ஊரைச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் வட பகுதியில் வேவ் ஹில் என்றொரு மாட்டுப் பண்ணை. பண்ணை என்றால் நம் கண்ணுக்கு வருவது ஒரு வேலி, ஒரு கொட்டகை. அங்கே ஒரு பண்ணை ஒரு மாவட்டம் அளவுக்கு இருக்கும். முதலாளி லண்டனில் வெஸ்டி குடும்பம். அந்த நிலத்தின் பூர்வ குடிகளான குரிந்தி மக்கள்தான் குதிரையேறி மாடு மேய்த்தார்கள், அடைத்தார்கள், சந்தைக்கு ஓட்டினார்கள். கூலி என்று கிடைத்தது ரேஷன் மாவும் மாட்டிறைச்சித் துண்டும் சொற்பக் காசும். 1966 ஆகஸ்டில் வின்சென்ட் லிங்கியாரி என்பவர் தலைமையில் அவர்கள் வேலையை விட்டு வெளியே நடந்தார்கள். ஒன்பது ஆண்டு கழித்து, 1975-இல், பிரதமர் கஃப் விட்லம் அங்கே போய் ஒரு பிடி மண்ணை அள்ளி லிங்கியாரியின் கையில் ஊற்றி நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் படத்தை நான் என் வகுப்பில் மாட்டியிருந்தேன்.

ஒரே முதலாளி, ஒரே மேலாளர், நகரத்திலிருந்து எட்டாத தூரம், கடைக்கும் மருந்துக்கும் கம்பெனியை நம்பி நிற்கும் குடும்பங்கள். தீவுத் தோட்டமும் வெளிக்காட்டுப் பண்ணையும் ஒரே வெள்ளைக்கார ஆட்சி பெற்ற பிள்ளைகள். வித்தியாசம் ஒன்று உண்டு. குரிந்தி மக்களுக்கு மண் அவர்களுடைய முன்னோர் மண், மாடு முதலாளியுடையது. எங்களுக்கு மண்ணில் உரிமை கிடையாது, மாடு எங்களுடையது. கேரித் தீவின் மா மெரி மக்களுக்கோ முன்னோர் மண்ணே சுருங்கிச் சுருங்கி ஓரத்துக்கு வந்துவிட்டது. அவர்களையும் எங்களையும் ஒரே பந்தியில் உட்காரவைத்துத் தீவின் வரலாற்றை எழுதும் ஆள் இன்னும் வரவில்லை. வர வேண்டும்.

குரிந்தி மக்களுக்கு முன்பே, 1941-இல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் எழுந்தன. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முன்னால் நின்றார். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, கள்ளுக்கடை மூடல், பெண்களைத் தொந்தரவு செய்வோருக்கு முடிவு, துரையைப் பார்த்தால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்துக்கு முடிவு இவையெல்லாம் கோரிக்கைகள். மே மாதம் நாதனைப் பிடித்து, பிறகு இந்தியாவுக்கு நாடுகடத்தினார்கள். பட்டாளம் வந்தது, சுட்டது, தொழிலாளர்கள் செத்தார்கள். அந்தக் கோரிக்கைப் பட்டியலை நான் வயது வந்த பிறகுதான் படித்தேன். சைக்கிள் விஷயம் என்னை உலுக்கியது. காரணம், எங்கள் அப்பா பால் தூக்கோடு சைக்கிளில் போகிற காட்சிதான் என் முதல் ஞாபகங்களில் ஒன்று. அவர் யாருக்காகவும் இறங்கியதில்லை. அந்த உரிமைக்கு ஆட்கள் செத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

பிறகு ஜப்பான்காரன் காலம். தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பியவர்கள் குறைவு. அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான். மாடு வைத்திருந்தவர்கள் அலையாத்திக் காட்டோரம் கொண்டுபோய் மறைத்துக் கட்டினார்கள். 1945 செப்டம்பர் 9-ஆம் தேதி, தீவுக்குத் தெற்கே மோரிப் கடற்கரையில் பிரிட்டிஷ் இந்தியப் படை இறங்கியது. அப்போது எங்கள் வீட்டில் மயிலையின் பேத்தி ஒன்று உயிரோடு இருந்தது. நான் குடித்து வளர்ந்ததெல்லாம் அந்த வழியில் வந்த மாடுகளின் பால்.

என் அம்மாவின் விடியற்காலையைச் சொல்கிறேன். நாலரைக்கு எழுந்துவிடுவார். பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவதற்கு முன் கறந்து முடித்தாக வேண்டும். மண்ணெண்ணெய் விளக்கைக் கொட்டகை உத்திரத்தில் மாட்டுவார். கொசுவுக்குத் தேங்காய்மட்டையைப் புகையவிட்டிருப்பார். கன்றை அவிழ்த்து நாலு வாய் ஊட்டவிட்டு, தாயின் முன்காலோடு சேர்த்துக் கட்டுவார். மடியை வெந்நீர்த் துணியால் துடைத்து, விரலில் தேங்காய் எண்ணெய் தொட்டு, இரண்டு முழங்காலுக்கு நடுவில் வாளியை இடுக்கிக்கொண்டு குந்துவார். முதல் பீச்சு தகர அடியில் விழுந்து கிண்ணென்று கேட்கும். பால் ஏற ஏறச் சத்தம் தாழும். வாளி எவ்வளவு நிறைந்தது என்பதை லயத்துக்குள் படுத்துக்கொண்டே என்னால் சொல்ல முடியும். ஒரு மடியில் கால்பங்கு கன்றுக்கு விட்டுவிடுவார். "அதுவும் பிள்ளைதான ஆயி" என்பார். அந்தப் பாலையும் கறந்தால் மாதம் இத்தனை வெள்ளி கூடும் என்று கணக்குப் பேசியவர்களுக்கு அவர் பதிலே சொன்னதில்லை.

கறந்த பாலை அளந்து தூக்கில் ஊற்றியதும் அப்பா சைக்கிளை எடுப்பார். கிராணி வீடு, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வீடு, கடைக்காரத் தவுக்கே வீடு, கைப்பிள்ளை வைத்திருக்கும் லயத்து வீடுகள். கைப்பிள்ளைக்காரியிடம் மாதக் கடைசியில் காசு கேட்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அவள் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.

அப்பாவுக்கு வேலை பண்டில். பெருக்கில் கடல் ஏறும்போது தானாக மூடி, வற்றும்போது தானாகத் திறந்து தோட்டத்து வாய்க்கால் நீரை வெளியே விடும் தண்ணிக்கதவுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கதவில் கட்டை சிக்கினால் இறங்கி எடுக்க வேண்டும். அணையில் நண்டு வளை தோண்டியிருந்தால் களிமண் அப்பி அடைக்க வேண்டும். ஒரு வளையை விட்டால் அடுத்த பெரும்பெருக்கில் அது வாயாகிவிடும், உப்புத்தண்ணீர் உள்ளே வந்தால் தீம்பார் என்கிற அந்த மரக்காடு முழுக்கக் கருகும். ஆகவே பண்டின்மேல் மாடு ஏறக் கூடாது என்பது கடுமையான விதி. குளம்பு பட்டால் ஓரம் சரியும். ஆனால் தீவிலேயே நல்ல புல் முளைக்கிற இடம் பண்டுச் சரிவுதான். புல்லைக் காட்டி அம்மா கேட்பார், அப்பா முடியாது என்பார். கடைசியில் அப்பாவே மாலையில் பண்டிலிருந்து திரும்பும்போது அறுத்த புல்லைத் தலையில் கட்டாகச் சுமந்து வருவார். மாடு பண்டுக்குப் போகவில்லை, பண்டுப் புல் மாட்டிடம் வந்தது. விதியையும் காப்பாற்றி வீட்டையும் காப்பாற்றிய மனிதர் அவர்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்த கதையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மலாயாவில் வியாபாரத்துக்கென்று முதல் செம்பனை 1917-இல் கோலா சிலாங்கூர்ப் பக்கம் தென்னமரம் தோட்டத்தில் ஊன்றப்பட்டது. 1960-களிலும் 1970-களிலும் கிள்ளான் கரையோரம் பெரும்பாலும் செம்பனையாகவே மாறிப்போனது. கம்பெனிப் பேர்களும் மாறின. கோல்டன் ஹோப் என்று இருந்தது 2007-இல் சைம் டார்பியோடு சேர்ந்தது, 2024-இல் எஸ்டி கத்ரி என்று பேர் மாறியது.

மாட்டுக்கு இந்த மாற்றம் நல்லதும் செய்தது, கெட்டதும் செய்தது. வளர்ந்த செம்பனைக் காட்டில் நிழலும் புல்லும் உண்டு. மாடு மேய்ந்தால் களை குறையும், களைக்கொல்லிச் செலவு குறையும், சாணம் மண்ணுக்குப் போகும். இதைப் பின்னாளில் ஆராய்ச்சிக்காரர்களே சொன்னார்கள், அரசும் செம்பனையோடு மாடு வளர்க்கும் திட்டங்களை ஊக்குவித்தது. எங்கள் ஆட்கள் அதற்கு முன்பே அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். பல தோட்டங்களில் குலையைக் காட்டுக்குள்ளிருந்து சடக்குக்கு இழுத்ததே எருமையும் மாடும்தான். கெட்டது எதுவென்றால், கன்றுச்செம்பனையின் இளங்குருத்தை மாடு கடித்துவிடும், அதனால் மறுநடவு நடக்கிற இடமெல்லாம் மாட்டுக்குத் தடை. இன்னொன்று மருந்து. முதுகில் டப்பாவைச் சுமந்து பாராகுவாட் அடித்தவர்கள் பெரும்பாலும் எங்கள் பெண்கள். மருந்தடித்த புல்லை மேய்ந்து மாடு செத்தது என்பது எந்தத் தோட்டத்துக்காரரைக் கேட்டாலும் வருகிற கதை. மாட்டைக் கொல்வது அதை அடிக்கிறவளை என்ன செய்யும் என்று கேட்க ஆளில்லாமல் இருந்தது. 2002-இல் தெனாகனித்தா அமைப்பு மருந்தடிக்கும் பெண்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டது. பாராகுவாட்டுக்கு முழுத்தடை வந்தது 2020-இல்தான்.

அம்மாவிடம் ஒரு நோட்டு இருந்தது. தடித்த அட்டை போட்ட கடைக்கணக்கு நோட்டு. அவருக்குப் பேர் எழுதுவதற்கு மேல் எழுத்து வராது. அவர் சொல்லச் சொல்ல நாங்கள் பிள்ளைகள்தான் எழுதினோம். அண்ணனின் கோணல் எழுத்து, பிறகு என் எழுத்து, பிறகு தம்பியின் எழுத்து என்று பக்கங்கள் மாறும். இடது பக்கம் பிறப்பு, வலது பக்கம் விற்பனை. "காரி, கிடேரி, மாசி மாசம் அமாவாசைக்கு மறுநாள்." "செவலை விற்றது 600 வெள்ளி. அண்ணன் ஐந்தாம் படிவம்." "சுட்டி விற்றது. தாலி திருப்பியது." "மயிலை, சின்னது, விற்றது. பாப்பா ஆசிரியர் கல்லூரி, பெட்டி, செருப்பு, பஸ்." அந்தப் பாப்பா நான்தான்.

நூலகத்தில் தோட்ட வரலாறு என்று கேட்டால் கம்பெனி ஆண்டறிக்கையைக் காட்டுகிறார்கள். ஏக்கருக்கு எத்தனை டன், பங்குக்கு எத்தனை லாபம் என்று அதில் இருக்கிறது. ஒரு கூலிக் குடும்பம் எப்படி லயத்தை விட்டு வெளியே வந்தது என்று அதில் இல்லை. அது அம்மாவின் நோட்டில் இருக்கிறது. கூலி வயிற்றுக்குப் போயிற்று. படிப்பு, கல்யாணம், கருமாதி, கோயிலுக்குக் கொட்டகை எல்லாம் மாட்டிலிருந்து வந்தது. தோட்டத் தமிழர்கள் கள்ளில் அழிந்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அழிந்தவர்கள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் விடியலுக்கு முன் எழுந்து இரண்டாம் வருமானம் தேடியவர்களும் அதே லயத்தில்தான் இருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். அவர்கள் பேச்சில் வருவதே இல்லை. இதில் எனக்குக் கோபம் உண்டு.

மாட்டுப் பொங்கலன்று தீவைப் பார்த்திருக்க வேண்டும். ஊரில் வயல் இருந்தது, அறுவடை இருந்தது, அதனால் பொங்கல். இங்கே வயலும் இல்லை, அறுப்பும் இல்லை. அப்படியிருந்தும் முதல் நாள் பொங்கலைவிட மாட்டுப் பொங்கலுக்குத்தான் லயம் பொங்கும். மாடுகளை ஆற்றோரம் ஓட்டிக் குளிப்பாட்டி, கொம்பில் பெயின்ட் பூசி, பள்ளியில் மிஞ்சிய வண்ணக் காகிதத்தில் மாலை கட்டிப் போடுவோம். மலாய்க்காரச் சிநேகிதர்களும் சீனக் கடைக்காரரும் பார்க்க வருவார்கள். வேலைக்குப் போகாத நாளாகக் கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் வேலை முடிந்து சாயங்காலம் வைத்துக்கொள்வார்கள்.

மாடு போன கதை வேகமாக நடந்தது. 1980-களிலிருந்து லயங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் பிள்ளைகள் ஷா ஆலம், கிள்ளான் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். தோட்டத்து வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஓய்வு பெற்றவர்கள் பிள்ளைகளோடு மலிவு விலை அடுக்குமாடிக்குப் போனார்கள். நாலாவது மாடிக்கு மாட்டை ஏற்ற முடியாது. அம்மா கடைசி மூன்று மாடுகளையும் ஒரே வாரத்தில் விற்றார். வாங்க வந்தவர்களில் அறுப்புக்கு வாங்குகிறவர்தான் கூட விலை சொன்னார். அம்மா அவருக்குக் கொடுக்கவில்லை. பந்திங் பக்கத்தில் வளர்ப்புக்குக் கேட்டவரிடம் குறைந்த விலைக்குக் கொடுத்தார். நோட்டில் அதுதான் கடைசிப் பதிவு.

தீவுக்கு வெளியே கதை இன்னும் முடியவில்லை. நாட்டின் பல தோட்டங்களில் தமிழர்கள் இன்றும் மாடு வளர்க்கிறார்கள். செம்பனைக் காட்டிலிருந்து மாடுகளை வெளியேற்றச் சொல்லும் கடிதங்கள் அவர்களுக்கு வந்துகொண்டிருக்கின்றன. பேராக்கில் மாடு வளர்ப்போர் மலேசிய சோசலிசக் கட்சியின் துணையோடு கூடி, மாற்று மேய்ச்சல் நிலம் கேட்கிறார்கள். நியாயமான கோரிக்கை. நூறு வருடம் ஒரு தொழிலைச் செய்தவர்களிடம் நாளை நிறுத்து என்று சொல்லக் கூடாது. நிலம் காட்டிவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு பக்கம் மலேசியா தன் மாட்டிறைச்சித் தேவைக்குப் பெரும்பாலும் வெளிநாட்டையே நம்பியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகத்திலிருந்து உயிர்மாடுகளும் கப்பலில் வருகின்றன. வட ஆஸ்திரேலியாவின் அந்தப் பெரும்பண்ணைகளில் நிற்பவை பெரும்பாலும் பிராமன் வகை மாடுகள். நம் ஓங்கோல், காங்கிரேஜ், கிர் இனங்களை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்க் கலந்து உண்டாக்கியது பிராமன். 1933-இல் அது அமெரிக்காவிலிருந்து குயின்ஸ்லாந்துக்குப் போனது. வெயிலையும் உண்ணியையும் தாங்கும் என்பதால் வட ஆஸ்திரேலியா முழுக்கப் பரவியது. இந்திய மாட்டின் ரத்தம் உலகைச் சுற்றிக் காசு கொடுத்து வாங்கும் பொருளாக இங்கே வந்து இறங்குகிறது. அதே வெயிலையும் உண்ணியையும் தாங்கி இங்கேயே பிறந்து வளர்ந்த மாட்டினம், அதை வளர்க்க ஆளும் இடமும் இல்லாமல் சுருங்குகிறது. கால்நடைத் துறை பால் பெருக்குவதற்காக ஃப்ரீசியனையும் சாகிவாலையும் கலந்து மஃப்ரிவால் என்ற இனத்தை உருவாக்கியது. அது நல்ல முயற்சிதான். ஆனால் பழைய தோட்டத்து மாட்டைக் காப்பாற்றுவதும் அரசின் கடமை. ஒரு தனி மந்தை, அதற்கு ஒரு மேய்ச்சல் நிலம், அதைப் பார்த்துக்கொள்ள அந்த மாட்டை அறிந்த தோட்டத்துக் குடும்பங்கள். இது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல.

வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் வீட்டிலும் பால் கணக்கு நோட்டு, மாடு விற்ற ரசீது, கொட்டகை முன்னால் எடுத்த பழைய படம் ஏதாவது கிடக்கலாம். பெட்டியைக் காலி செய்யும்போது தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அம்மா, பாட்டி, அத்தை யாராவது இன்னும் இருந்தால் உட்காரவைத்து, எந்த மாடு எந்தப் பிள்ளையின் படிப்புக்குப் போனது என்று கேட்டு எழுதுங்கள். மாட்டின் பேரையும் சேர்த்து எழுதுங்கள். எழுதியதன் ஒரு நகலைப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியிலோ நூலகத்திலோ கொடுத்துவையுங்கள். அம்மாவின் நோட்டை நகல் எடுத்துக் கொடுக்கும் வேலையை நான் தொடங்கிவிட்டேன்.